புசெயார்: ஒன்பது வயதுச் சிறுவனும் ஒரு ஸ்பானிய வினைச்சொல்லும்

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில், புளூ பே காயலைப் பார்த்தபடி இருக்கும் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றுக்காக நான் ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்த எட்டு வரிக் கடிதம், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் காற்று உருளை சுமந்து கடலில் இறங்குவோர் பட்டியலில் சேர்த்துவிட்டது. சிறுவன் அப்போது ஸ்பெயினில் தன் வீட்டில்தான் இருந்தான். யாருக்கும் தீங்கு நேரவில்லை. இழப்பு என்று பார்த்தால் அரைநாள் கடிதப் போக்குவரத்தும் ஒரு தாயின் மனக்கலக்கமும்தான். ஆயினும் பிழை முழுவதும் ஒரே வினைச்சொல்லில் அடங்கியிருந்தது என்பதாலும், அதைச் செய்யாமல் இருப்பதற்கு வேண்டிய அறிவு என் ஊர்ப் பேச்சிலேயே இருந்தும் நான் அதைப் பயன்படுத்தவில்லை என்பதாலும், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவன். மொரீஷியஸுக்கு வந்த பிறகு மாலை நேரங்களில் கோயில் வகுப்பில் தமிழ் சொல்லிக் கொடுப்பதும், பகலில் பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு இடையே மொழிபெயர்ப்பதும் என் தொழில். விடுதியை நடத்தும் பெண்மணி என்னிடம் தமிழ் படித்தவர். வீட்டிலும் கடைத்தெருவிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுபவர், என்னிடம் மட்டும் விடாமல் தமிழில் பேசுவார்.

நடந்தது

கடிதத்தை எழுதியவர் சிறுவனின் தாய். மூன்று பேர், ஆறு இரவுகள், காலை உணவு, விமான நிலையத்திலிருந்து வண்டி என்று வழக்கமான செய்திகள் முதல் நான்கு வரிகளில் இருந்தன. ஐந்தாம் வரியில் மகனைப் பற்றிச் சொல்லும்போது 'புசெயா' என்ற வினை வந்தது. அவன் மிக நன்றாகப் 'புசெயா' செய்வான், ஆனால் 'திரார்செ தே கபேசா' தெரியாது என்று எழுதியிருந்தார். பின்னதன் நேர்ப்பொருள் தலையை முன்னிட்டுத் தன்னை எறிந்துகொள்வது, அதாவது தலைகீழாகப் பாய்வது. ஆறாம் வரியில், தங்கள் ஊர் நீச்சல்குளத்தை அவன் 'புசெயாந்தோ' கடந்துவிடுகிறான் என்றும், விடுதிக் குளத்தின் ஆழம் எவ்வளவு என்றும் கேட்டிருந்தார்.

ஐந்தாம் வரியை நான் 'அவன் மிக நன்றாக டைவ் செய்வான், ஆனால் தலை முன்னே வைத்து டைவ் செய்யத் தெரியாது' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஆறாம் வரியிலும் அதே 'டைவ்'. அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் என் ஆங்கிலத்தை நம்பி, வருவோர் படிவத்தில் நீர் விளையாட்டுக்கான கட்டத்தில் 'டைவர்' என்று குறித்தார். அன்று மாலையே அந்தப் படிவம் மற்ற விருந்தினர்களின் படிவங்களோடு அருகிலுள்ள ஆழ்கடல் மூழ்கு நிலையம் ஒன்றுக்குப் போயிற்று. நிலையத்தார் தங்கள் வழக்கப்படி மூழ்குவோருக்கான பயிற்சிச் சான்றட்டையின் எண்ணைக் கேட்டு, பெற்றோர் கையொப்பமிட வேண்டிய மருத்துவ வினாப்பட்டியலை இணைத்து அனுப்பினர். விடுதி அதைப் படித்துப் பார்க்காமல் தாய்க்கு அனுப்பிவைத்தது. அதற்கு மறுநாள் காலை விடுதிப் பெண்மணியிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"ஐயா, இந்தப் பையன் டைவ் செய்வானா, செய்யமாட்டானா? ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறீர்களே."

அந்த ஒரு கேள்வியில் ஆய்வுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. மூலத்தில் முரண் இல்லை. தாய் இரண்டு வெவ்வேறு செயல்களை இரண்டு வெவ்வேறு வினைகளால் சொல்லியிருந்தார். இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடைத்து முரணை உண்டாக்கியவன் நான்.

சொல் எதைச் சொல்கிறது

ஸ்பெயின் நாட்டார் 'புத்தெயார்' என்றும் லத்தீன் அமெரிக்கர் 'புசெயார்' என்றும் ஒலிக்கும் இந்த வினைக்கு, ஸ்பானிய அரச மொழிக் கழகத்தின் அகராதி தரும் பொருள் மிகச் சுருக்கமானது: உடல் முழுவதும் நீருக்குள் இருக்க நீந்துதல். எப்படி உள்ளே போனான் என்பது இதில் இல்லை. படிக்கட்டில் இறங்கியிருக்கலாம், கரையில் அமர்ந்து வழுக்கி விழுந்திருக்கலாம், தலைகீழாகப் பாய்ந்திருக்கலாம். மூச்சுக்கு என்ன செய்தான் என்பதும் இல்லை. தம் கட்டியிருக்கலாம், முதுகில் உருளை இருக்கலாம், மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வரலாம். தேவைப்பட்டால் ஸ்பானியர் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வர். நுரையீரலைக் கொண்டே என்றால் 'ஆ புல்மோன்', உருளையோடு என்றால் 'கோன் போதெயா'. சேர்க்காதபோது வினை திறந்தே கிடக்கிறது. உருளையும் அதன் காற்றுச் சீராக்கியும் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் கான்யானும் 1943இல் உருவாக்கிய கருவியிலிருந்து பரவியவை. ஸ்பானிய வினையோ அதற்கு நெடுங்காலம் முந்தியது. ஆகவே உருளை அதன் பொருளின் உள்ளே இருக்க முடியாது என்பது கொஞ்சம் யோசித்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். (அந்த உருளையில் இருப்பது பொதுவாக அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றுதான். ஆக்சிஜன் சிலிண்டர் என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிவிட்டோம், அது வேறு கதை.)

ஆங்கிலத்தின் 'டைவ்' வேறு இடத்தில் நிற்கிறது. அது 'டீப்' என்ற ஆழத்தைக் குறிக்கும் சொல்லுக்கு உறவானது. கீழ்நோக்கிப் பாய்வதே அதன் உயிர். பருந்து இரைமேல் டைவ் செய்கிறது, போர்விமானம் டைவ் செய்கிறது, பந்தைப் பிடிக்கக் கோல்காப்பாளர் உலர்ந்த புல்லின்மேல் டைவ் செய்கிறார். நீரே தேவைப்படாத இந்த வினைக்கு, நீர் வரும்போது இரண்டு பொருள் மட்டுமே வழக்கில் முந்துகின்றன: ஒன்று, தலை முன்னாகக் குதிப்பது, மற்றொன்று, கருவியோடு ஆழம் போவது. இரண்டுக்கும் நடுவில், ஒரு சிறுவன் தம் கட்டிக்கொண்டு குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீருக்கடியில் போவது என்ற மிகச் சாதாரணமான செயலுக்கு ஆங்கிலத்தில் தனி வினை கிடையாது. அதைப் 'புசெயார்' ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறது.

எல்லைக்கோட்டைத் தெளிவாகக் காண மெக்சிகோவின் அகாபுல்கோவைப் பார்க்கலாம். லா கெப்ராதா பாறை உச்சியிலிருந்து கடலில் பாயும் வீரர்களை ஆங்கிலச் செய்திகள் 'டைவர்' என்றே எழுதும். ஸ்பானியத்தில் அவர்கள் 'கிளாவாதிஸ்தா'. அவர்களுள் ஒருவரைப் 'புசோ' என்று அழைத்தால், அவர் கடலடியில் வேலை செய்பவர் என்று கேட்பவர் நினைப்பார். கால்பந்தில் அடிபட்டதுபோல் நடித்து விழுவதையும் ஆங்கிலத்தார் 'டைவ்' என்பர். ஸ்பானியர் அதைப் 'பிசினாசோ' என்று, நீச்சல்குளத்தை வைத்துக் கேலி செய்கிறார்கள். குளமே வந்தும் அங்கே 'புசெயார்' வரவில்லை, ஏனென்றால் விழுபவர் நீருக்குள் நீந்தவில்லை.

பிழை எங்கே நுழைந்தது

இந்தத் தீவில் வாழும் மொழிபெயர்ப்பாளருக்குப் பிரெஞ்சு எப்போதும் பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பானியச் சொல்லைப் பார்த்தவுடன் என் மனம் ஆங்கிலத்துக்கு நேராகப் போகவில்லை. 'ப்லோன்ஜே' என்ற பிரெஞ்சு வினையில் ஏறி, அங்கிருந்து 'டைவ்' என்று இறங்கியது. ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் 'ப்லோன்ஜே' என்று எழுதிய பலகைகளைப் பார்த்துப் பழகியவருக்கு அது இயல்பான வழிதான். ஆனால் பிரெஞ்சு வினையும் 'டைவ்' போலவே குதிப்பதையும் ஆழம் போவதையும் ஒன்றாக அடக்கிக்கொண்டது. பெயர்ச்சொல்லில் மட்டும் பிரெஞ்சு கவனமாக இருக்கிறது: குதிப்பது 'ப்லோன்ஜோன்', மூழ்கி உலவுவது 'ப்லோன்ஜே'. நான் வினையின் வழியே போகாமல் பெயரின் வழியே போயிருந்தால் தடுக்கி விழுந்து விழித்துக்கொண்டிருப்பேன்.

இதைவிட வெட்கமான செய்தி ஒன்று உண்டு. எங்கள் கரையில் 'குளி' என்ற வினைக்கு உடம்பைக் கழுவுவது மட்டும் பொருள் அன்று. முத்துக் குளிப்பார்கள், சங்கு குளிப்பார்கள். தூத்துக்குடியின் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது, சங்கு குளிப்பது நான் அறிந்த வாழ்க்கை. மூச்சடக்கிப் போனவரும் சங்குகுளிக்கிறவர்தான். பின்னர்க் கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு போனவரும் சங்குகுளிக்கிறவர்தான். கருவி மாறியபோது வினை மாறவில்லை. வள்ளத்தின் விளிம்பிலிருந்து எப்படி இறங்கினார் என்று அந்த வினை கேட்பதுமில்லை. கொற்கைத் துறையைப் பாடும் அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் 'வலம்புரி மூழ்கிய' பரதவர் வருகிறார்கள். அங்கே வலம்புரியே 'மூழ்கு' என்பதற்குச் செயப்படுபொருள், அதாவது வலம்புரியைத் தேடி மூழ்கி எடுத்தவர்கள். ஸ்பானிய வினையின் போக்கை இதைவிட நெருக்கமாகக் காட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கின்றன.

நெருக்கம் அதோடு நிற்கவில்லை. 'புசெயார்' என்பது 'புசோ' என்ற மூழ்குநரைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்தது. 'புசோ' போர்ச்சுகீசியரின் 'பூசியோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'பூசியோ' என்றால் நீருக்கடியில் வாழும் சங்கு வகை. அதற்கும் முந்திய லத்தீன் மூலமான 'பூக்கினா' ஊதுகொம்பைக் குறிக்கும். ஊதுகொம்பு சங்காகி, சங்கு மூழ்குநராகி, மூழ்குநர் நீருக்குள் நீந்தும் வினையாகியிருக்கிறார். கோயிலில் ஊதுவதற்கும் கடலில் குளிப்பதற்கும் ஒரே சங்கை வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இந்த வரலாறு சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் எங்கள் முத்துக்கரைக்கு வந்தவர்கள் என்பதை வைத்து, இரண்டு மொழிகளுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் கட்டிவிடத் தோன்றலாம். அதற்கு இடமில்லை. கடலடியில் கையால் சங்கு பொறுக்கிய இரண்டு கரைகள் தத்தம் வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன, அவ்வளவே. சொல்லைக் கடன் கொடுத்த போர்ச்சுகீசியரோ இந்தச் செயலுக்கு 'மெர்குல்யார்' என்ற வேறு வினையைத்தான் வழங்குகிறார்கள், அது குதிப்பதையும் சேர்த்தே சொல்லும்.

திருத்தம்

தொலைபேசியை வைத்ததும் மாற்றுச் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். 'ஸ்கூபா டைவ்' தவறு என்பது வெளிப்படை. உருளையைப் பற்றித் தாய் எதுவும் சொல்லவில்லை, வயதும் இடம் தராது. பரவலாகப் பின்பற்றப்படும் பி.ஏ.டி.ஐ. என்ற மூழ்கு பயிற்சி அமைப்பின் விதிகளின்படி, சிறுவர் சான்றுக்கான ஜூனியர் ஓப்பன் வாட்டர் பயிற்சியில் சேரவே 10 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 2 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் அறிமுகப் பயிற்சி மட்டும் உண்டு. மருத்துவப் படிவத்தில் வயதுக் கட்டத்தைக் கண்டவுடனே நிலையத்தார் எப்படியும் நிறுத்தியிருப்பார்கள் என்பது எனக்கு ஆறுதலே தவிர, காரணம் ஆகாது.

'ஸ்நார்க்கல்' என்ற சொல் சற்று நேரம் என்னை ஈர்த்தது. புளூ பேயில் வருவோரில் பெரும்பாலோர் செய்வதும் அதுதான். முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு பவளத்தை மேலிருந்து பார்ப்பது. ஆனால் குழாய் வைத்துக்கொண்டவர் நீரின் மேல்பரப்பில் மிதக்கிறார், முதுகு வெயிலில் காய்கிறது. உடல் முழுவதும் உள்ளே என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துவிடுகிறது. இருந்தாலும் ஊகிக்காமல் தாயிடமே கேட்டுவிடுவது நல்லது என்று ஒரு வரி எழுதிக் கேட்டேன். மகனுக்குக் கண்ணாடி மட்டும் போதும், குழாயை வாயில் வைக்கவே மாட்டான் என்று பதில் வந்தது.

'டைவ் அண்டர்வாட்டர்' என்று ஒட்டுப்போடலாமே என்று விடுதிப் பெண்மணி கேட்டார். இங்கே படிக்கிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்தத் தீவின் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர் 'டைவ்' என்று கண்டால் உருளையைத்தான் நினைப்பார். குளத்தைக் கழுவிப் பராமரிப்பவர் கண்டால் தலைகீழாகக் குதிப்பதை நினைப்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ 'டைவ் அடிக்கிறான்' என்று கிணற்றில் தலைகீழாகப் பாய்பவனை மட்டும்தான் சொல்வார்கள். உள்ளே தம் கட்டிப் போகிறவன் உள்நீச்சல் அடிக்கிறான் அல்லது முங்குநீச்சல் போகிறான். படிப்பவரைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல்லை, ஒரு குழந்தையின் பாதுகாப்பு தொடர்பான தாளில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். தமிழ்ப்படி கேட்டிருந்தாலும் 'மூழ்கு' என்பதை வைக்கமாட்டேன். அகநானூற்றுக்குப் பொருந்திய அந்த வினை இன்று கப்பலுக்கும் செய்தித்தாளின் துயரச் செய்திக்கும் போய்விட்டது. 'பையன் நன்றாக மூழ்குவான்' என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது.

கடைசியில் நின்றது மிக எளிய வடிவம்: 'ஸ்விம் அண்டர்வாட்டர்', நீருக்கடியில் நீந்துதல். ஒரு வினைக்கு ஒரு வினை என்ற பிடிவாதத்தை விட்டவுடன் ஆறாம் வரியும் தானாகவே சரியாயிற்று. ஸ்பானியம் அங்கே 'கடக்கிறான்' என்பதை முற்றுவினையாகவும், எப்படிக் கடக்கிறான் என்பதை 'புசெயாந்தோ' என்று எச்சம்போன்ற வடிவாகவும் வைத்திருந்தது. தமிழும் அப்படியேதான் சொல்லும்: நீருக்குள்ளேயே நீந்திக் குளத்தைக் கடக்கிறான். ஆங்கிலம் இதைத் தலைகீழாக அடுக்கும். நீந்துவதை முற்றுவினையாக்கி, கடப்பதை 'அக்ராஸ்' என்ற சிறு சொல்லுக்கு இறக்கி, நீருக்கடியில் என்பதைக் கடைசியில் சேர்க்கும். அசைவின் பாதையை வினையில் வைக்கும் மொழிகள், அசையும் விதத்தை வினையில் வைக்கும் மொழிகள் என்று மொழியியலாளர் லியோனார்ட் டால்மி பிரித்துக் காட்டியது இதைத்தான். நான் முதலில் எழுதிய 'டைவ் செய்து குளத்தைக் கடக்கிறான்' என்பது, ஆங்கிலச் சொற்களை ஸ்பானிய வரிசையில் நிறுத்தியதால் எந்த மொழிக்கும் சொந்தமில்லாமல் போன வாக்கியம்.

தலைகீழாகப் பாய்வதற்கும் 'டைவ்' என்பதைத் தவிர்த்து, 'தலை முன்னாக நீரில் இறங்க இன்னும் தெரியாது' என்ற பொருளில் எழுதினேன். ஆங்கில நடையில் அது சற்று நீளம்தான், 'டைவ்' அங்கே முற்றிலும் சரியான சொல் என்று யாரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் முந்தைய தாளில் அந்தச் சொல் செய்த வேலையைப் பார்த்த பிறகு, அதே தாளின் திருத்தத்தில் அதை மறுபடி உட்கார வைக்க மனம் வரவில்லை.

படிவத்தின் குறி அழிக்கப்பட்டது, நிலையத்துக்குச் சொல்லப்பட்டது. அத்தோடு வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பலகை

தாயின் பதில் கடிதத்தில், குழாயைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. விடுதி அனுப்பிய படங்களில் குளத்தின் ஓரத்தில் ஒரு நீலப் பலகை தெரிகிறது, அதில் 'புசெயார்' தடை என்று எழுதியிருக்கிறது, அப்படியானால் தன் மகன் தலையை நீருக்குள் விடவே கூடாதா என்று கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'நோ டைவிங்', பிரெஞ்சில் 'ப்லோன்ஜோன்' தடை என்று முறையாக, அதற்குக் கீழே ஸ்பானியத்தில் 'ப்ரோஹிபீதோ புசெயார்'. அந்த மூன்றாம் வரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தவன் நானே. கடிதத்தில் செய்த பிழையை எதிர்த்திசையில் அப்போதே செய்து, பலகையில் ஏற்றிக் குளத்தோரம் நட்டுவைத்திருக்கிறேன். அந்தக் குளத்தின் ஆழமான பக்கம் 1.40 மீட்டர். அங்கே தலைகீழாகப் பாய்ந்தால் தலை தரையில் மோதும், அதைத் தடுக்கத்தான் பலகையே. ஸ்பானியம் படிக்கும் விருந்தினருக்கோ அந்தப் பலகை இரண்டு ஆண்டுகளாக, ஆபத்து குறைந்த நீருக்கடி நீச்சலைத் தடைசெய்துவிட்டு, கழுத்தை முறிக்கக்கூடிய பாய்ச்சலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கிறது. கடிதப் பிழையில் முரண் வெளியே தெரிந்ததால் ஒருவர் கேட்டார். பலகைப் பிழை இலக்கணப்படி குறையற்றது, அதனால் யாரும் கேட்கவில்லை.

தாய்க்கு நேராகவே எழுதினேன்: மகன் நீருக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் நீந்தலாம், பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும், தடை குதிப்பதற்கு மட்டுமே, பலகையில் உள்ள பிழை என்னுடையது. அவர்கள் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. மாஹேபூரிலிருந்து பலகை எழுதுபவரை வரவழைத்து, பழைய சொல்லை அழித்து 'திரார்செ தே கபேசா' என்று எழுதச் சொன்னோம். முன்பு ரோமன் எழுத்தில் ஆறு எழுத்து இருந்த இடத்தில் இப்போது பதினைந்து எழுத்து வேண்டும், மற்ற இரண்டு வரிகளோடு ஓரம் சேராது, எழுத்தைச் சிறிதாக்கட்டுமா என்று அவர் கேட்டார். சிறிதாக்க வேண்டாம், இரண்டு வரியாக மடக்குங்கள் என்றேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அவர். கூடுதலான ஒன்பது எழுத்துகளுக்கு உரிய பணத்தை விடுதிக் கணக்கில் சேர்க்க விடாமல் நான் கொடுத்தேன்.